புட்டியில் அடைத்த ‘இயற்கை’!

அடுப்பைத் துடைப்பது ஒரு பெரிய விஷயமா, அதைப் பற்றிப் பத்திரிகையில் எழுதவும் வேண்டுமா என்று சிலர் கேட்கக்கூடும். வேண்டும் என்றே சொல்வோம். கடைக்குப் போய், சமையல் மேடையையும் காஸ் அடுப்பையும் துடைக்கும் திரவங்கள் அடுக்கியிருக்கும் இடத்தில் ஒரு நிமிஷம் நின்று பாருங்கள். புட்டிக்குப் புட்டி பச்சை நிறம். ஒன்றின் மேல் வேப்பிலை, இன்னொன்றின் மேல் எலுமிச்சம்பழம், மற்றொன்றில் ஓடும் நதி. ‘இயற்கையானது’, ‘பூமிக்கு நல்லது’, ‘சுற்றுச்சூழலின் நண்பன்’ என்றெல்லாம் பெரிய எழுத்துக்கள். உள்ளே இருப்பது என்ன என்று தேடினால், பல புட்டிகளில் அதைப் பற்றி ஒரு வரிகூடக் கிடைக்காது. கிடைத்தாலும் பூதக்கண்ணாடி வேண்டும்.

இந்தப் பச்சை எழுத்துக்களுக்குத்தான் இப்போது கணக்குக் கேட்கும் காலம் வந்திருக்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024-ம் ஆண்டு அக்டோபர் 15-ந் தேதி சில வழிகாட்டு விதிகளை வெளியிட்டது. சுற்றுச்சூழலின் பெயரைச் சொல்லி ஜனங்களை ஏமாற்றும் விளம்பரங்களைத் தடுப்பதே அவற்றின் நோக்கம். உள்ளே உள்ளது எதுவானாலும் மேலே பச்சை வர்ணம் பூசி விற்கும் இந்த வித்தையைப் ‘பச்சைப் பூச்சு’ என்று நாம் அழைக்கலாம்.

விதி என்ன சொல்கிறது?

‘இயற்கையானது’, ‘சுத்தமானது’, ‘பசுமையானது’, ‘சுற்றுச்சூழலுக்கு உகந்தது’ என்பன போன்ற பொதுப்படையான சொற்களை இனி வெறுமனே அச்சிடக் கூடாது. எந்த வகையில் இயற்கையானது, அதற்கு ஆதாரம் என்ன என்று சாதாரண ஜனங்களுக்குப் புரியும்படி விளக்க வேண்டும். அந்தப் பெருமை முழுச் சரக்குக்கும் உரியதா, அதில் ஒரு பகுதிக்கு மட்டுமா, அல்லது சரக்கை அடைத்த புட்டிக்கு மட்டுமா என்பதையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். வாய்க்குள் நுழையாத சாஸ்திரப் பெயர்களைப் போட்டு மயக்கினால் அவற்றின் அர்த்தத்தையும் கூறியாக வேண்டும்.

இதை மீறினால் தண்டனை உண்டா? 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறான விளம்பரம் செய்யும் உற்பத்தியாளருக்கு முதல் தடவை ரூ. 10 லட்சம் வரையிலும், மறுபடியும் செய்தால் ரூ. 50 லட்சம் வரையிலும் அபராதம் விதிக்க ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கிறது. விளம்பரத்தில் தோன்றிச் சிபாரிசு செய்யும் நட்சத்திரங்களையும் சட்டம் விட்டுவைக்கவில்லை. ஓராண்டு வரை எந்தச் சரக்கையும் சிபாரிசு செய்யாதபடி அவர்களைத் தடுக்கலாம். மீண்டும் தவறினால் அது மூன்றாண்டு வரை நீளும்.

ஏட்டளவில் இது நல்ல ஏற்பாடு. ஆனால் சந்து பொந்துகளும் இருக்கின்றன. ‘எங்கள் கம்பெனி இயற்கையைப் போற்றும் கொள்கையில் வளர்ந்து வருகிறது’ என்று ஒருவர் பொதுவாகத் தம் லட்சியத்தைப் பேசினால், அது இந்த விதிகளுக்குள் வராது. குறிப்பிட்ட ஒரு சரக்கைப் பற்றி உரிமை கொண்டாடினால்தான் ஆதாரம் கேட்க முடியும். சாமர்த்தியசாலிகளுக்கு இந்த இடைவெளி போதும்.

மண்பானை முத்திரை

சர்க்கார் இதற்கு முன்பும் ஒரு முயற்சி செய்ததுண்டு. சுற்றுச்சூழலுக்குக் கெடுதல் செய்யாத சரக்குகளுக்கு ஒரு முத்திரை கொடுப்பது என்று 1991-ம் ஆண்டிலேயே திட்டம் போட்டார்கள். சோப்பும் சலவைத் தூளும் அந்தத் திட்டத்தில் இடம் பெற்றிருந்தன. முத்திரையின் சின்னம் என்ன தெரியுமா? ஒரு மண்பானை! மண்ணில் பிறந்து மண்ணிலேயே மறையும் பண்டம் என்பதால் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். பொருத்தமான சின்னம்தான். ஆனால் அந்த முத்திரையை நாடி வந்த கம்பெனிகள் மிகச் சொற்பம். பானை படத்தைக் கடையில் பார்த்ததாகச் சொல்லும் இல்லத்தரசி அபூர்வம். 2024-ம் ஆண்டு செப்டம்பரில் பழைய திட்டத்தை மாற்றிப் புதிய விதிகளைச் சர்க்கார் கொண்டுவந்திருக்கிறது.

முறைப்படி பரிசோதித்துத் தரும் முத்திரையை யாரும் தேடி வரவில்லை. தாங்களாகவே அச்சிட்டுக்கொள்ளும் பச்சை இலையோ புட்டிக்குப் புட்டி நிறைந்திருக்கிறது. செலவில்லாமல் கிடைக்கும் நல்ல பெயரை யார்தான் விடுவார்கள்!

சாம்பல் போன கதை

நம் பாட்டிமார்களுக்கு இந்தப் புட்டி எதுவும் தேவைப்படவில்லை. விறகடுப்பு எரிந்தது, சாம்பல் விழுந்தது, அதே சாம்பலைக் கொண்டு பாத்திரம் துலக்கினார்கள். தேங்காய் நாரும் கொல்லையிலிருந்தே வந்தது. பித்தளைக்குப் புளி, எண்ணெய்ப் பிசுக்குக்குச் சீயக்காய், அரப்பு, பூந்திக்கொட்டை. இரவில் அடுப்பை மெழுகிக் கோலம் போட்டுவிட்டுத்தான் படுக்கப் போவார்கள்.

இது வெறும் பழக்கமல்ல. இதில் நல்ல ரசாயனம் அடங்கியிருக்கிறது. மரச்சாம்பலில் பொட்டாசியம் கார்பனேட் என்ற காரப்பொருள் உண்டு. சுடுநீரும் எண்ணெய்ப் பிசுக்கும் அதனுடன் சேரும்போது, பிசுக்கில் ஒரு பகுதி சோப்பாகவே மாறித் தண்ணீரோடு போய்விடுகிறது. சாம்பலின் நறநறப்பு மற்ற அழுக்கைச் சுரண்டி எடுக்கிறது. பூந்திக்கொட்டையிலும் சீயக்காயிலும் சபோனின் என்ற நுரை தரும் பொருள் இருக்கிறது. புளியில் உள்ள டார்டாரிக் அமிலம் பித்தளையின் மேல் படியும் களிம்பைக் கரைக்கிறது.

அந்த விறகடுப்பு திரும்பி வர வேண்டும் என்று யாரும் ஆசைப்பட வேண்டியதில்லை. அதன் புகையில் கண்ணும் நெஞ்சும் கெட்ட பெண்கள் எத்தனையோ பேர். 1965-ம் ஆண்டில் கல்கத்தாவில் இண்டேன் காஸ் முதன்முதலாக வழங்கப்பட்டபோது அது வசதி படைத்தோரின் பண்டம். பிறகு தமிழ்நாட்டில் சர்க்காரே இலவச காஸ் அடுப்பு கொடுத்தது. 2016-ம் ஆண்டு மே முதல் தேதி உத்தரப் பிரதேசத்திலுள்ள பல்லியாவில் தொடங்கிய உஜ்வலா திட்டத்தில் பத்துக் கோடிக்கு மேற்பட்ட குடும்பங்களுக்கு இணைப்பு கிடைத்திருக்கிறது. இது பெரிய நன்மை.

புகை போனபோது கூடவே சாம்பலும் போயிற்று. அந்தக் காலி இடத்தில்தான் கட்டியும் தூளும் திரவமும் வந்து உட்கார்ந்தன. இப்போது சாம்பலையே பொட்டலம் கட்டி விலை போட்டு விற்கிறார்கள் என்றால் காலத்தின் கோலத்தை என்னவென்று சொல்வது?

எந்த அழுக்குக்கு எது?

புட்டி வாங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்வதற்கு முன்னால், அடுப்பில் படியும் அழுக்கு ஒரே வகை அல்ல என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

முதலாவது, அன்றாடம் தெறிக்கும் எண்ணெய். அடுப்பு ஆறிய பிறகு, பூந்திக்கொட்டை ஊறிய வெந்நீரிலோ சாதாரண சோப்பு நீரிலோ துணியை நனைத்துத் துடைத்தால் போய்விடும். அன்றன்றைக்குத் துடைப்பவர்களுக்கு இதற்கு மேல் எதுவும் வேண்டாம்.

இரண்டாவது, பலநாள் எண்ணெய் தீய்ந்து இறுகிப் பிடித்த கறை. அல்லது பால் பொங்கி வழிந்து கருகியது. இதற்குக் காரம் தேவை. சமையல் சோடாவைச் சிறிது நீர் விட்டுக் குழைத்துத் தடவி, அரைமணி நேரம் விட்டு வையுங்கள். கறை நெகிழ்ந்து கொடுக்கும். பிறகு தேங்காய் நாரோ பீர்க்கங்கூடோ போதும். அவசரப்பட்டு இரும்புச் சுருளால் தேய்த்தால் கறையோடு அடுப்பின் பளபளப்பும் போய்விடும்.

மூன்றாவது, உப்புத் தண்ணீர் காய்ந்து விடும் வெள்ளைப் படிவு. இது சுண்ணாம்பு வகை. இதற்குச் சோடா பயன்படாது, அமிலம்தான் வேண்டும். எலுமிச்சம்பழ மூடியால் தேய்த்தாலும், நீர் கலந்த வினிகரால் துடைத்தாலும் கரைந்துவிடும்.

நான்காவது, பித்தளைப் பர்னரின் கறுப்பு. புளித்தண்ணீரில் சற்று ஊறவைத்துத் தேய்த்துக் கழுவி, ஈரம் போக உலர்த்திய பிறகு மாட்ட வேண்டும். அடைத்த துவாரங்களை ஊசியால் குத்தி விடலாம். இது அழகுக்காக மட்டும் செய்யும் வேலை அல்ல. துவாரம் அடைத்தால் ஜுவாலை மஞ்சளாகி, பாத்திரத்தில் கரி பிடித்து, காஸ் வீணாகிறது. நீலமாக எரியும் அடுப்பே சிக்கனமான அடுப்பு.

சில எச்சரிக்கைகளும் உண்டு. அலுமினியப் பாகங்களைச் சோடா கறுக்க வைக்கும். அவற்றுக்குச் சோப்பு நீரே போதும். கண்ணாடி மேடை போட்ட அடுப்பில் சாம்பலோ உப்போ வைத்துத் தேய்த்தால் கீறல் விழும். சூடாக இருக்கும்போது குளிர்ந்த நீரைக் கொட்டினால் வெடிக்கவும் கூடும். எவர்சில்வர் மேல் உப்பு ஈரத்தோடு தங்கினால் நாளடைவில் புள்ளி விழும். எந்த அடுப்பானாலும், துடைக்குமுன் சிலிண்டரின் ரெகுலேட்டரை மூடிவிட வேண்டும்.

பொங்கும் நுரை

செல்போனைத் திறந்தால் சமையலறை யோசனை சொல்பவர்களுக்குப் பஞ்சமில்லை. அவர்களில் பலர் சமையல் சோடாவைத் தூவி அதன்மேல் எலுமிச்சஞ் சாற்றையோ வினிகரையோ ஊற்றிக் காட்டுகிறார்கள். புஸ்ஸென்று நுரை பொங்குகிறது. பார்க்க வெகு கவர்ச்சி!

ஆனால் நடப்பது என்ன? சோடா காரம்; எலுமிச்சை அமிலம். இரண்டும் சேர்ந்தால் ஒன்றை ஒன்று முறித்துவிடும். கரியமில வாயு பறந்துபோன பிறகு மிஞ்சுவது ஒருவகை உப்பு கரைந்த தண்ணீர்தான். பொங்கும்போது அழுக்குச் சற்று அசைந்து கொடுக்கலாம். மற்றபடி சோடா செய்ய வேண்டிய வேலையையும் அது செய்யாது. எலுமிச்சை செய்ய வேண்டிய வேலையையும் அது செய்யாது. முதலில் சோடாவைப் போட்டுத் துடைத்து எடுங்கள். வெள்ளைப் படிவு இருந்தால் அதன் பிறகு தனியாக எலுமிச்சையை உபயோகியுங்கள்.

சோடாவும் வினிகரும் ‘இயற்கை’தானா என்பதும் யோசிக்க வேண்டிய கேள்வி. குஜராத்தில் மிட்டாப்பூர் போன்ற இடங்களில் பெரிய தொழிற்சாலைகள் கடலுப்பையும் சுண்ணாம்புக் கல்லையும் கொண்டு சோடா தயாரிக்கின்றன. வினிகரிலும் பழத்திலிருந்தோ கரும்பிலிருந்தோ புளிக்கவைத்து எடுப்பது ஒன்று. அஸிடிக் அமிலத்தில் நீர் கலந்து செய்வது இன்னொன்று. பின்னதை அப்படிச் சொல்லித்தான் விற்க வேண்டும் என்று உணவுச் சட்டம் கூறுகிறது. அடுப்பைத் துடைக்க இரண்டும் ஒன்றே. ‘இயற்கை’ என்ற சொல் எவ்வளவு வழுக்கலானது என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறோம்.

உயிருக்கு ஆபத்து

வீட்டுச் சாமான்தானே, எதையும் எதனோடும் கலக்கலாம் என்ற எண்ணம் மிகவும் தவறு. பிளீச்சிங் பவுடரையோ பிளீச்சிங் திரவத்தையோ எலுமிச்சை, வினிகர், கக்கூஸ் கழுவும் ஆஸிட் ஆகிய எதனோடும் சேர்க்கவே கூடாது. குளோரின் என்ற விஷவாயு கிளம்பும். அம்மோனியா கலந்த திரவங்களோடு பிளீச்சிங் சேர்ந்தாலும் விஷவாயு உண்டாகும். ஜன்னல் சிறுத்த சமையலறைகளில் இதன் விளைவு பயங்கரமானது. எலுமிச்சை இயற்கையானதுதான்; ஆனால் சேரக் கூடாததோடு சேர்ந்தால் அதுவும் விஷத்துக்குக் காரணமாகிவிடும்.

சாக்கடைக்குப் போன பிறகு

புட்டித் திரவம் எல்லாமே கெட்டது என்று சொல்வதும் நியாயமாகாது. சலவைத் தூளிலும் துலக்கும் திரவத்திலும் நுரைக்காகச் சேர்க்கும் பொருள்களில் முக்கியமானது பெட்ரோலியத்திலிருந்து வருகிறது. நம் சென்னை மணலியிலும் அதற்கான மூலப்பொருளைத் தயாரிக்கும் தொழிற்சாலை இருக்கிறது. 1960-களுக்கு முன்பு மேல்நாடுகளில் உபயோகித்த வகை மட்கவே மட்காது. ஆறுகளில் நுரை மலைபோல் மிதந்தது. அதன் பிறகுதான் கிருமிகள் தின்று தீர்க்கக்கூடிய இன்றைய வகையை அங்கே கொண்டுவந்தார்கள். ஆகவே ‘மட்கக்கூடியது’ என்று புட்டியில் போட்டிருந்தால் அது பொய்யாக இருக்க வேண்டும் என்பதில்லை.

ஆனால் மட்குவதற்கும் ஓர் இடம் வேண்டாமா? அந்தக் கிருமிகளுக்குப் பிராணவாயு வேண்டும். கழிவுநீரைச் சுத்தம் செய்யும் நிலையம் வேண்டும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2021-ம் ஆண்டு வெளியிட்ட கணக்கைப் பாருங்கள். நம் நாட்டு நகரங்களில் தினமும் உண்டாகும் கழிவுநீர் ஏறக்குறைய 7,237 கோடி லிட்டர். இதில் உண்மையாகவே சுத்திகரிக்கப்பட்டது 2,024 கோடி லிட்டர்தான். அதாவது நான்கில் ஒரு பங்கைச் சற்றே தாண்டுகிறது. மீதி அப்படியே ஏரிக்கும் ஆற்றுக்கும் கடலுக்கும் போய்ச் சேருகிறது.

பெங்களூர் பெல்லந்தூர் ஏரியில் நுரை பொங்கிச் சாலைக்கு வந்ததையும், அந்த ஏரியே தீப்பற்றியதையும் நாடு பார்த்தது. யமுனையில் நுரைக்கு நடுவே நின்று பக்தர்கள் நீராடும் படங்கள் ஆண்டுதோறும் வருகின்றன. 2019-ம் ஆண்டில் நம் சென்னைக் கடற்கரையிலேயே வெண்ணுரை ஒதுங்கியது. அதில் குழந்தைகள் விளையாடினார்கள். புட்டியில் எழுதியிருப்பது சோதனைச்சாலையில் வாஸ்தவமாக இருக்கலாம். நம் ஊர்ச் சாக்கடையில் அது வாஸ்தவமா என்பதுதான் கேள்வி. பச்சை இலை அச்சிட்ட கம்பெனியும் அதற்குப் பதில் சொல்வதில்லை, நகரசபையும் சொல்வதில்லை.

துலக்கும் கை யாருடையது?

இந்த விவாதத்தில் யாரும் பேசாத ஒரு கட்சி உண்டு. பட்டணத்தில் பல வீடுகளில் அடுப்பைத் துடைப்பவர் வீட்டுக்காரர் அல்ல. வேலைக்கு வரும் அம்மாள். காலையிலிருந்து மூன்று நான்கு வீடுகளில் கை நனைகிறது. பிசுக்கை எடுக்கும் எந்தச் சரக்கும் தோலிலுள்ள எண்ணெய்ப் பசையையும் எடுத்துவிடும். சோடாவும் அப்படித்தான், புட்டித் திரவமும் அப்படித்தான். வெடித்த விரலும் எரியும் உள்ளங்கையும் அவருக்குத்தான். புட்டி வாங்கும்போது அவரிடம் யாரும் அபிப்பிராயம் கேட்பதில்லை.

‘சோடாவைத் தடவி அரைமணி காத்திருங்கள்’ என்று எழுதுவது சுலபம். அடுத்த வீட்டுக்கு ஓட வேண்டியவருக்கு அந்த அரைமணி எங்கே இருக்கிறது? ஆபீஸுக்குப் போகும் குடும்பத் தலைவிக்கும் இதே கஷ்டம்தான். புட்டி விற்பது சுத்தத்தை மட்டுமல்ல, நேரத்தையும் சேர்த்துத்தான். அதனால்தான் அதற்கு இவ்வளவு மதிப்பு. இதை மறந்துவிட்டு, பாட்டி காலத்து மகிமையை மட்டும் பாடினால் அந்த உபதேசம் பெண்களின் தலையில் இன்னொரு சுமையாக முடியும்.

வழி இல்லாமல் இல்லை. இரவில் சமையல் முடிந்து அடுப்பு ஆறியதும் சோடாக் குழம்பைத் தடவிவிட்டுப் படுத்தால், காலையில் ஒரே துடைப்பில் வேலை முடியும். இதை வீட்டிலுள்ள ஆண்பிள்ளையும் செய்யலாம். கௌரவம் ஒன்றும் குறைந்துவிடாது. வேலைக்கு வருகிறவருக்கு ஒரு ஜோடி ரப்பர் கையுறையும், வேலை முடிந்ததும் கையில் தடவச் சிறிது தேங்காயெண்ணெயும் கொடுப்பது பெரிய செலவல்ல.

நாம் செய்ய வேண்டியது

சர்க்கார் விதி போட்டுவிட்டது. அதை நிறைவேற்றும் பொறுப்பு ஆணையத்தை மட்டும் சேர்ந்ததல்ல. கடையில் எத்தனை ஆயிரம் புட்டிகளை எத்தனை அதிகாரிகள் போய்ப் படிக்க முடியும்? அவற்றைத் தினமும் கையில் எடுப்பவர்கள் நாம்தான். ‘இயற்கையானது’ என்று போட்டிருந்தால் எது, எவ்வளவு என்று கீழே சொல்லியிருக்கிறதா எனப் பாருங்கள். சொல்லவில்லையென்றால் வாங்காமல் விடலாம். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்து புகாரும் கொடுக்கலாம். காசு செலவில்லை.

சர்க்காரும் இன்னும் ஓரடி முன்னே போக வேண்டும். பிஸ்கோத்துப் பொட்டலத்தில் உள்ளே இருப்பதை அச்சிடச் சொல்லும் நாட்டில், தினமும் கையில் பட்டுச் சாக்கடையில் கலக்கும் திரவத்துக்கும் அதே முறை இருப்பதுதான் நியாயம். முழுச் சேர்மானப் பட்டியலையும் புட்டியின் மேல் தமிழிலும் படிக்கும்படி போடச் சொல்லட்டும். அப்போது பச்சை இலையின் மவுசு தானாகவே குறையும்.

அதுவரை அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு டப்பா சமையல் சோடா, ஒரு மூடி எலுமிச்சை, ஒரு பிடி புளி, கொஞ்சம் பூந்திக்கொட்டை இருக்கட்டும். அடுப்பு பளபளக்க அவையே போதும். அவற்றுக்கு விளம்பரம் செய்ய எந்த நட்சத்திரமும் வர மாட்டார். வேண்டியதும் இல்லை.